பதினேழாம் வீடு

அநியாயம் நடந்தது எனக்கு. செய்தவர் டாக்டர் தெய்வநாயகம். எப்படி என்றால், மூன்று வருடம் நாற்பது வீடு ஏறி இறங்கி நான் சேர்த்த எண்களிலிருந்து ஒரே ஒரு வீட்டின் எண்ணைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பிடுங்கிய குழியிலேயே என் பெயரையும் போட்டு மூடிவிட்டார். இதுதான் வழக்கு. மற்றதெல்லாம் விவரம்.

காப்பியா? வாங்குங்கள் அக்கா. பஸ் கிளம்ப இன்னும் இருபது நிமிடம் ஆகும் என்று சொல்லிவிட்டுத்தான் கண்டக்டர் சாப்பிடப் போனார். ஆனால் எனக்குப் பால் வேண்டாம், வரக்காப்பி சொல்லுங்கள். சர்க்கரை எவ்வளவு வேண்டுமானாலும் போடட்டும்.

சேலத்திலிருந்து இந்த ஃபைலை மடியைவிட்டு இறக்கவே இல்லையே, உள்ளே என்ன என்று கேட்டீர்கள் இல்லையா? புகார். நாளைக்குக் காலையில் சென்னையில் எங்கள் பல்கலைக்கழகத் தலைமை அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன். பதினோரு பக்கம், இணைப்பு முப்பத்தாறு பக்கம். அப்பா படித்துப் பார்த்துவிட்டு, "சங்கமித்திரை, இதில் ஒரு எழுத்தைக்கூட எடுக்க முடியாது" என்றார். அவர் தமிழாசிரியர், சும்மா சொல்ல மாட்டார். வீட்டில் எனக்கு வக்கீல் என்றுதான் பெயர். பேச்சுப் போட்டிக் கோப்பைகள் மட்டும் ஒன்பது இருக்கின்றன. படித்தது என்னவோ கால்நடை மருத்துவம். அதிலும் பி.எச்.டி. செய்வது மாட்டுத் தீவனத்தில். சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

மாட்டுத் தீவனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது. மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் சரியாகக் காயாமல் குடோனில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை ஒரு நஞ்சைக் கக்கும். அஃப்ளாடாக்சின் என்று பெயர். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. மாடு தின்றால் ஈரலைப் பிடிக்கும். அதோடு முடிந்தால் மாட்டின் பாடு என்று விடலாம். முடியாது அக்கா, பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. குடிப்பவர் ஈரலுக்கும் அதே கதிதான், மெதுவாக. பயப்படாதீர்கள், உங்கள் காப்பியில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சோதிக்காமல் எதுவும் சொல்லக்கூடாது, அதுதான் எங்கள் முறை.

முறை என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரே தெய்வநாயகம் சார்தான். அதுதான் வயிறெரிகிறது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாவட்டத்தில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது எல்லாரும் ஏதோ கொள்ளை நோய் என்றார்கள். தீவனத்தைப் பாருங்கள் என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். அப்போது அவருக்கு என் வயது. குடோன் குடோனாகப் போய் மூட்டையில் குத்தூசி விட்டு எடுத்தார். ஆள் வைத்து அவருடைய சைக்கிளைத் தூக்கி வாய்க்காலில் போட்டார்கள். அடுத்த நாள் நடந்தே போய் மிச்ச மூட்டைகளைக் குத்தினார். கடைசியில் அரசாங்கமே அந்தச் சரக்கைக் கொளுத்தியது. இரண்டாம் வருடம் படிக்கும்போது இதைக் கேட்டேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், ஆராய்ச்சி என்றால் இவரிடம்தான் என்று. முதல் வகுப்பில் அவர் சொன்னது: "தீவனத்துல பொய் சொன்னா பால்ல தெரிஞ்சிரும்." நோட்டு அட்டையில் எழுதி வைத்தேன். இன்னும் இருக்கிறது, அழிக்கவில்லை. ஆதாரம் இல்லையா?

சரி, வழக்குக்கு வருகிறேன்.

எங்கள் திட்டம் இதுதான். நாமக்கல்லைச் சுற்றி நாற்பது வீடு. மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய், மாட்டுக்கு என்ன போடுகிறார்களோ அதில் ஒரு கிலோ, கறக்கிற பாலில் கால் லிட்டர் எடுத்து வந்து சோதிக்க வேண்டும். வீட்டுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பெயர் தெரிந்தால் சோதிப்பவர் மனது சாயும் இல்லையா? அதனால் புட்டியில், நோட்டில், மெஷினில் எல்லா இடத்திலும் எண்தான். செலவுக்குப் பணம் கொடுத்தது ஒரு தீவனக் கம்பெனி. சாக்கில் பச்சைக் குடை பிடித்த மாடு ஒன்று நிற்கும். கம்பெனியே பணம் கொடுக்கிறதே என்று அப்போதே கேட்டேன். "பணம் அவங்களது, பேனா நம்மளது" என்றார் சார். நம்பினேன்.

பதினேழாம் வீடு சாந்தாமணி அக்காவுடையது. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மூன்று கலப்பின மாடு, ஒரு கிடேரிக் கன்று, பதினோரு வயதில் கனிஷ்கா என்று ஒரு பெண். மற்ற வீடுகளில் என்னைக் கண்டால், "வந்துட்டாங்கப்பா, புட்டிக்காரம்மா" என்று கட்டிலில் இருந்தபடியே கையைக் காட்டுவார்கள். சாந்தாமணி அக்கா அப்படி இல்லை. "வாங் அம்மிணி, வெயில்ல வாரீங், மொதல்ல ஒக்காருங்" என்பார். அப்போதே கறந்த பாலில் காப்பி வந்துவிடும், டம்ளர் நிறைய. ஒருமுறை நான், "இப்படிக் கவனித்தால் என் எண்ணெல்லாம் உங்கள் பக்கம் சாய்ந்துவிடும் அக்கா" என்றேன். "எண்ணு சாயட்டும், நீங்க சாயாம நில்லுங், காத்தடிச்சாப் பறந்துருவீங்" என்றார். அந்தப் பெண் கனிஷ்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் என்னோடு உட்கார்ந்து பால் குடிப்பாள். காலையில் ஒரு டம்ளர், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு டம்ளர். உதட்டுக்கு மேலே வெள்ளை மீசையோடு என் நோட்டை எட்டிப் பார்ப்பாள்.

போன ஆனி மாதம் சாந்தாமணி அக்காவின் வீட்டுக்காரர், அதே பச்சைக் குடைக் கம்பெனியின் குடோனிலிருந்தே நேராக முப்பது மூட்டை இறக்கிவிட்டுப் போனார். எல்லாம் ஒரே நாள் தயாரிப்பு, ஒரே முத்திரை. மூன்று மாடும் வேறெந்தத் தீவனமும் தொடாமல் நான்கு மாதம் அதையே தின்னும். ஆராய்ச்சி செய்பவளுக்கு இப்படி ஒரு வீடு கிடைப்பது சாமானியம் இல்லை. மற்ற வீடுகளில் இன்றைக்குத் தவிடு, நாளைக்குப் பிண்ணாக்கு என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஆடி பதினொன்றாம் தேதி சாயங்காலம் மெஷின் எண்ணைக் காட்டியது. சட்டம் அனுமதிப்பது கிலோவுக்கு இருபது மைக்ரோகிராம். பதினேழாம் வீட்டில் நூற்று எழுபது. பாலைப் பார்த்தேன், சட்டம் அனுமதிப்பதைப் போல நான்கு மடங்கு. மறுபடி ஓட்டினேன். அதே எண். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று வருடம் ஒன்றுமில்லாத எண்ணையே எழுதிக்கொண்டிருந்தவளுக்குக் கடைசியில் ஒன்று கிடைத்தது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் சாருக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

ஓடிப்போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு தடவ வந்தா விபத்தும்மா. மூணு தடவ வந்தா முடிவு. ஆவணி, புரட்டாசி ரெண்டு மாசமும் எடு. அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாத" என்றார். சரிதான். அதுதான் முறை. ஒரு வீட்டில் சொன்னால் நாற்பது வீட்டுக்கும் தெரியும். எல்லாரும் தீவனத்தை மாற்றிவிடுவார்கள். அப்புறம் எதை வைத்து நிரூபிப்பது?

எங்கள் ஜீப் டிரைவர் மாதேஸ்வரன் அண்ணனுக்கு இது புரியவில்லை. மூட்டைகளின் முத்திரையைக் குறித்துக்கொள்ள ஆடிப் பதினெட்டன்று அந்த வீட்டுக்குப் போகும்போது கேட்டார்: "ஏம்மா, அந்தக்கா காதுல மட்டும் ஒரு வார்த்தை போட்டுட்டு வந்துரலாங்களா? சின்னப் புள்ள இருக்குதுங்க."

"அண்ணா, ஒரு எண் முடிவாகாது. முடிவாகாததைச் சொன்னால் அது வதந்தி. உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்கம்மா" என்று கியரைப் போட்டார். அவ்வளவுதான்.

அன்றைக்குப் பண்டிகை. சாந்தாமணி அக்கா தலைக்குக் குளித்து, பூ வைத்து, பாயசத்தோடு வந்து நின்றார். இப்போதுதான் சாப்பிட்டேன் என்றேன். காப்பி கொண்டு வந்தார். "இல்லை அக்கா, வரக்காப்பி இருந்தால் போதும்" என்றேன். "ஏனுங் அம்மிணி, வயித்துக்கு ஆவலீங்களா?" என்றார். ஆமாம், வயிற்றுக்கு ஆகவில்லை என்றேன். பாவம், அடுத்த மாதம் போனபோது ஞாபகம் வைத்து எனக்கென்று தனியாகச் சுக்குத் தட்டி, நாட்டுச் சர்க்கரை போட்டு வைத்திருந்தார். அவ்வளவு நல்லவர். அப்படிப்பட்டவருக்காகத்தான் நான் போராடுகிறேன், புரிகிறதா?

ஆவணியில் நூற்று அறுபத்திரண்டு. புரட்டாசியில் நூற்று எழுபத்தெட்டு. ஒவ்வொரு முறையும் மிச்சமிருந்த மூட்டை ஒவ்வொன்றிலும் குத்தூசி விட்டு, கலந்து, பங்கு பிரித்து எடுத்தேன். ஒருத்தர் குறை சொல்ல முடியாது. மூன்று எண்ணையும் கொண்டுபோய் சார் மேசையில் வைத்தேன்.

"கம்பெனிக்கு எழுதறேன்" என்றார். "அவங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கணும்."

"எத்தனை நாள் சார்?"

"நீ பட்டிமன்றத்துக்கு வந்தியா, பி.எச்.டி.க்கு வந்தியா?"

"ரெண்டுக்கும்தான் சார். நடுவர் சரியில்லைன்னா என்ன பண்றது?"

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே நான் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

ஐப்பசியில் சாந்தாமணி அக்காவின் கிடேரிக் கன்று செத்துப்போனது. பத்து நாளாக எதையும் தொடாமல் படுத்திருந்ததாம். எனக்குத்தான் போன் செய்தார். போனேன், அறுத்துப் பார்த்தேன். ஈரல் மஞ்சள் பாய்ந்து களிமண் உருண்டை மாதிரி இருந்தது. அக்கா, அது கிடைத்தற்கரிய சாம்பிள். தீவனம், பால், ஈரல் என்று மூன்றும் ஒரே வீட்டில் வரிசையாக! ஐஸ் பெட்டியில் வைத்து மூடும்போது கனிஷ்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கன்றுக்கு அவள்தான் பெயர் வைத்தாளாம். "என்னாச்சுங் டாக்டரக்கா?" என்றாள். "ஈரல் கோளாறு கண்ணு" என்றேன். பொய் இல்லை. ஈரல் கோளாறுதான். சாந்தாமணி அக்கா, "எங்கையிலதான் ஏதோ தப்பு நடந்துருச்சுங், தண்ணி சரியாக் காட்டலையோ என்னமோ" என்று அழுதார். "உங்கள் தப்பு இல்லை அக்கா" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு யார் அனுமதி கொடுத்தது? யாரும் இல்லை. நானாகத்தான் சொன்னேன். எனக்கும் மனசு இருக்கிறது.

இப்போது கேளுங்கள் துரோகத்தை.

மார்கழியில் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஹோட்டலில் கருத்தரங்கம். வாசலிலேயே ஆளுக்கொரு பச்சைக் குடை கொடுத்தார்கள். மார்கழியில் குடை! தெய்வநாயகம் சார் மேடையேறினார். திரையில் எங்கள் ஆராய்ச்சி, என்னுடைய நாற்பது வீடு. இல்லை, முப்பத்தொன்பது வீடு! பதினாறுக்கு அடுத்து பதினெட்டு. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். "ஒரு வீட்டின் அளவுகள் மற்றவற்றிலிருந்து மிகவும் விலகியிருந்ததால் கணக்கில் கொள்ளப்படவில்லை" என்று கீழே கொசு அளவு எழுத்தில் ஒரு வரி. முடிவு என்ன தெரியுமா? இந்தப் பகுதியின் தீவனம் பாதுகாப்பானது. கைதட்டினார்கள். கடைசித் திரையில் ஆராய்ச்சியாளர் என்று அவர் பெயர், கம்பெனி ஆள் ஒருவர் பெயர். அதற்கும் கீழே "உதவியவர்கள்" என்று போட்டு, முதலில் மாதேஸ்வரன், ஓட்டுநர். அடுத்து சங்கமித்திரை. மாதேஸ்வரன் அண்ணன் நல்லவர், எனக்கு அவர்மேல் ஒன்றும் இல்லை. ஆனால் டிரைவருக்குப் பின்னாலா அக்கா? நாற்பது வீடு, மூன்று வருடம், மூன்று எண், ஒரு ஈரல். எல்லாம் என் கையால் எடுத்தது!

சாப்பாட்டுக் கூடத்தில் பிடித்தேன். "சார், பதினேழு எங்கே?"

"மெதுவாப் பேசு."

"பதினேழு எங்கே சார்?"

"ஒரு வீட்டை வச்சு ஊரையே தப்புச் சொல்ல முடியாதும்மா. ஒரு நாள் தயாரிப்பு. அந்தச் சரக்கெல்லாம் தின்னு முடிஞ்சுபோச்சு. கம்பெனி குடோனைச் சரி பண்ணிட்டாங்க. நமக்கு இன்னும் அஞ்சு வருஷத்துக்குத் திட்டம் இருக்கு, உனக்கு வேலை இருக்கு. வேற என்ன வேணும்?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, தீவனத்துல பொய் சொன்னா பால்ல தெரிஞ்சிரும்னு?"

தட்டைப் பார்த்தபடியே, "அப்ப எனக்கு சைக்கிள் மட்டும்தாம்மா இருந்துச்சு" என்றார். போய்விட்டார். குடையை எடுத்துக்கொண்டுதான் போனார்.

இதைவிடத் துரோகம் உண்டா? தெரிந்த உண்மையை, பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்லாமல், தன் வசதிக்காகப் பூட்டி வைப்பது! புகாரின் நான்காம் பக்கத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன். இந்த இடத்தைப் படித்தபோது அப்பாவுக்கே கண் கலங்கியது.

ஆனால் தனியாக என் வாய் மட்டும் போதாது அல்லவா, சாட்சி வேண்டும். பாதிக்கப்பட்டவரே வந்து, ஆமாம், என்னிடம் மறைத்தார்கள் என்று கையெழுத்துப் போட்டால் வழக்கு நின்றுவிடும். அதனால் நேற்றுக் காலை பதினேழாம் வீட்டுக்குப் போனேன். ஜீப் இல்லை, டவுன் பஸ்ஸில்.

சாந்தாமணி அக்கா பால் கறந்துகொண்டிருந்தார். இரண்டு மாடுதான் நின்றது. ஒன்றுக்குச் சினையே பிடிக்கவில்லை என்று விற்றுவிட்டாராம். "வாங் அம்மிணி, ரெண்டு மாசமா ஆளவே காணோம்" என்று முக்காலியைத் தள்ளிப் போட்டார். கனிஷ்கா சீருடை மாட்டிக்கொண்டு, டம்ளரும் கையுமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், எனக்கே தெரிந்தது. பூஞ்சை, நஞ்சு, குடோன், மூன்று எண், ஈரல், ஹோட்டல், குடை, பதினாறுக்கு அடுத்துப் பதினெட்டு. "உங்கள் வீட்டையே இல்லை என்று ஆக்கிவிட்டார் அக்கா" என்று முடித்தேன்.

அவர் கறப்பதை நிறுத்தியிருந்தார். எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை.

"எங்கன்னுக்குட்டி அதுலதாஞ் செத்துச்சுங்களா?"

"அதிலேதான். அதுக்கும் ஆதாரம் இருக்கு."

"அந்தப் பெரிய டாக்டருக்கு எப்பத் தெரியுமுங்?"

"ஆடி மாசமே அக்கா! ஆடி பதினொண்ணாந் தேதி சாயங்காலம். நான்தானே சொன்னேன். தேதி போட்டு என் நோட்டில் இருக்கு, மெஷின் தாளும் இருக்கு. தப்பிக்கவே முடியாது."

காகிதத்தை நீட்டினேன், பேனாவைத் திறந்து கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையிலிருந்த டம்ளரை மெதுவாக வாங்கி, சாணிக் குழிப் பக்கம் ஊற்றினார். இப்போது போடுவது வேறு தீவனம் அக்கா, பயமில்லை என்று நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். டம்ளரைக் கழுவினார். கவிழ்த்து வைத்தார். அப்புறம் திரும்பி ஒரு பதில் சொன்னார். நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டே வருகிறேன். என்னுடைய பதினோரு பக்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கம்பெனியைத் திட்டவில்லை, சாரைத் திட்டவில்லை, போடுகிறேன் என்றோ போடமாட்டேன் என்றோ சொல்லவில்லை. குரல்கூட உயரவில்லை. நீங்கள் நாலும் தெரிந்தவர், நீங்களாவது சொல்லுங்கள். இதுதான் அவர் சொன்ன பதில்:

"அப்ப ஆடிப் பதினெட்டுலருந்து நீங்க வரக்காப்பி கேட்டது வயித்துக்கு ஆவாததால இல்லீங் அம்மிணி."